வானில் இரு விமானங்கள் மோதும் அபாயத்தை அளவிடுவது எவ்வாறு?

2002 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாம் திகதி இரவு, ஜேர்மனியின் தென்கோடியில் கொன்ஸ்டன்ஸ் ஏரிக் கரையிலுள்ள யூபர்லிங்கன் என்னும் சிறு நகருக்கு மேலே, ஏறத்தாழ 35 ஆயிரம் அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று மொஸ்கோவிலிருந்து பார்சிலோனா நோக்கிச் சென்ற ரஷ்யப் பயணிகள் விமானம். மற்றையது இத்தாலியின் பெர்காமோ நகரிலிருந்து பிரசெல்ஸ் நோக்கிச் சென்ற சரக்கு விமானம். இறந்த 71 பேரில் பெரும்பாலானோர் உஃபா நகரிலிருந்து விடுமுறையைக் கழிக்கப் புறப்பட்ட பாடசாலைப் பிள்ளைகள். அன்றிரவு வானம் தெளிவாக இருந்தது. வான்பாதையில் நெரிசல் இருக்கவில்லை. இரு விமானங்களிலும் மோதலைத் தவிர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கருவி பொருத்தப்பட்டிருந்தது. இரண்டும் பழுதின்றி இயங்கின.

இத்தகைய விபத்து மிக அரிதானது என்று விமானத் துறையினர் கூறுவர். அது உண்மையே. ஆனால், எவ்வளவு அரிதானது என்று எண்ணிக்கையில் கேட்டால் என்ன பதில் கூறுவது? நாளாந்தம் நிகழும் வீதி விபத்துகளைப் போன்று இவற்றை எண்ணிப் பார்த்துச் சராசரி காண இயலாது. உலகம் முழுவதிலும் பெரிய பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்ட சம்பவங்கள் கடந்த சில தசாப்தங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனினும், ஒரு புதிய வான்பாதை வகுக்கப்படும் போதும், விமானங்களுக்கிடையிலான இடைவெளி குறைக்கப்படும் போதும், கட்டுப்பாட்டாளர் செய்த வேலையை ஒரு கணனி மென்பொருளிடம் ஒப்படைக்கும் போதும், அதனால் ஏற்படக்கூடிய மோதல் அபாயம் இன்ன அளவை விடக் குறைவானது என்று யாரோ ஒருவர் கையொப்பமிட வேண்டியிருக்கின்றது. நிகழாத ஒன்றை அளந்து கையொப்பமிடும் அந்தக் கலை எவ்வாறு வளர்ந்தது, எவ்விடங்களில் அது தடுமாறுகின்றது என்பதைச் சாதாரண பயணியும் அறிந்திருப்பது நல்லது.

ஜெற் விமானமொன்று மணித்தியாலத்திற்கு 480 கடல் மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். எதிரெதிரே வரும் இரு விமானங்கள் நிமிடத்திற்கு 16 கடல் மைல் வீதம் ஒன்றையொன்று நெருங்கும். ராடர் திரையைப் பார்த்துப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களில், ஒரே உயரத்திலுள்ள விமானங்களுக்கிடையே பொதுவாகப் பேணப்படும் ஆகக் குறைந்த கிடைத் தூரம் 5 கடல் மைல். அந்த முழுத் தூரமும் 20 செக்கன்களுக்குள் முடிந்துவிடும். எதிரே தெரியும் ஒரு புள்ளியை விமானமென்று அடையாளங்கண்டு, அது எத்திசையில் நகர்கின்றது எனப் புரிந்துகொண்டு, நூறு தொன்னுக்கும் அதிகமான எடையைத் திருப்புவதற்கு இது போதுமான நேரமன்று. 1956 ஜூன் 30 இல் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் உயிரிழந்த போது, விமானிகள் தாமே பார்த்து விலகிக்கொள்வர் என்ற பழைய நம்பிக்கையும் அத்துடன் நொறுங்கியது. அவ்விபத்தின் பின்னரே அந்நாட்டில் விமானப் போக்குவரத்தை நிர்வகிப்பதற்கென ஒரு மத்திய அமைப்பு 1958 இல் உருவாக்கப்பட்டது.

மோதல் அபாயத்தைக் கணித முறையில் அணுகும் தேவை முதலில் எழுந்தது அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலேதான். நடுச் சமுத்திரத்தில் ராடர் கிடையாது. விமானங்கள் தமது நிலையைத் தாமே கணித்து வானொலி மூலம் அறிவிக்க, அதனை நம்பியே கட்டுப்பாட்டாளர் இடைவெளிகளை வகுத்தனர். 1960களில் ஜெற் விமானங்களின் எண்ணிக்கை பெருகிய போது, பக்கவாட்டில் சமாந்தரப் பாதைகளுக்கிடையே இருந்த 120 கடல் மைல் இடைவெளியை 90 ஆகக் குறைக்க விமான நிறுவனங்கள் விரும்பின. விமானிகள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. இரு தரப்பினருக்கும் இடையில் அபிப்பிராயங்கள் இருந்தனவே தவிர, அளவுகோல் இருக்கவில்லை. அந்த அளவுகோலை வழங்கியவர் பிரித்தானியாவின் அரச விமான ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் ரைக். 1966 இல் வெளிவந்த அவரது ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் இத்துறையின் அடித்தளமாக விளங்குகின்றன.

ரைக்கின் சிந்தனை எளிமையானது. ஒவ்வொரு விமானத்தையும் அதன் நீள, அகல, உயரங்கள் கொண்ட ஒரு பெட்டியாகக் கருதுங்கள். மோதல் நிகழ வேண்டுமாயின் மூன்று திசைகளிலும் ஒரே கணத்தில் அப்பெட்டிகள் ஒன்றன் மீது ஒன்று படிய வேண்டும். நிலைக்குத்தாக ஒன்றையொன்று தொடும் நிகழ்தகவு எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, பாதையின் நீளவாக்கில் எத்தனை தடவை அவை ஒன்றையொன்று கடக்கின்றன என்று தனித்தனியாக அளந்து பெருக்கினால் விடை கிடைத்துவிடும். மோதல்களை எண்ண முடியாவிட்டாலும், பாதையிலிருந்து விமானங்கள் எவ்வளவு விலகுகின்றன என்பதை எண்ண முடியும். அவை ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அரிதான விபத்தைச் சர்வசாதாரணமான பிழைகளிலிருந்து கணிப்பதே இம்முறையின் உயிர்நாடி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இன்று நீங்கள் கொழும்பிலிருந்து எத்திசையில் பறந்தாலும் இதன் விளைவை அனுபவிக்கின்றீர்கள். முன்னர் 29 ஆயிரம் அடிக்கு மேலே பறக்கும் விமானங்களுக்கிடையே 2000 அடி நிலைக்குத்து இடைவெளி கட்டாயமாக இருந்தது. காற்று அடர்த்தி குறைந்த உயரங்களில் அமுக்கத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் மானிகள் துல்லியம் இழப்பதே அதற்குக் காரணம். மானிகள் மேம்பட்ட பின்னர் இந்த இடைவெளியை 1000 அடியாகக் குறைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 29 ஆயிரம் அடிக்கும் 41 ஆயிரம் அடிக்கும் இடையே மேலதிகமாக ஆறு உயரத் தளங்கள் கிடைத்தன. வட அத்திலாந்திக்கில் 1997 மார்ச் 27 இலும், ஐரோப்பாவில் 2002 ஜனவரி 24 இலும், வங்காள விரிகுடாவையும் இலங்கையையும் உள்ளடக்கிய எமது பிராந்தியத்தில் 2003 நவம்பர் 27 இலும் இது நடைமுறைக்கு வந்தது.

இடைவெளியைப் பாதியாக்குவதற்கு முன்னர் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்த நிபந்தனைகளைப் பார்த்தால் கணக்கின் உட்கூறு விளங்கும். எதிர்த் திசையில் வரும் விமானங்களை ஒரு விமானம் மணித்தியாலத்திற்கு 2.5 தடவை கடப்பதாகக் கொள்ளப்பட்டது. அவ்வாறு கடக்கும் போது பக்கவாட்டில் இரண்டும் ஒரே கோட்டில் அமையும் நிகழ்தகவு 0.058. 1000 அடி இடைவெளியில் இருக்க வேண்டியவை உயரப் பிழைகளால் ஒரே உயரத்திற்கு வந்துவிடும் நிகழ்தகவு நூறு கோடியில் 17 ஐ விஞ்சக்கூடாது. சிறு திருத்தங்களை விட்டுவிட்டு இம்மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். நூறு கோடி பறப்பு மணித்தியாலங்களுக்கு ஏறத்தாழ 2.5 என்ற விடை வரும். கருவிகளின் பிழையால் ஏற்படக்கூடிய விபத்துகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு அதுவே. மனிதத் தவறு உட்பட எல்லாக் காரணங்களாலும் உயரத் தளங்களில் ஏற்படக்கூடிய மொத்த அபாயத்திற்கு வகுக்கப்பட்ட எல்லை நூறு கோடி மணித்தியாலங்களுக்கு 5. இங்கே ஒரு மோதல் இரண்டு விபத்துகளாக எண்ணப்படுகின்றது, ஏனெனில் இரண்டு விமானங்கள் அழிகின்றன.

நூறு கோடிக்கு ஐந்து என்றால் 20 கோடி மணித்தியாலங்களுக்கு ஒன்று. ஒரு விமானம் இரவு பகலாகத் தரையிறங்காமல் பறந்துகொண்டிருந்தால் 22 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகும். கேட்பதற்கு ஆறுதலாகவே இருக்கும். ஆனால் வானில் இருப்பது ஒரு விமானம் அன்று. ஆண்டொன்றுக்கு ஒரு கோடி பறப்பு மணித்தியாலங்கள் பதிவாகும் ஒரு வான்பரப்பை எடுத்துக்கொண்டால், அதே எண் 20 ஆண்டுகளில் ஒரு விபத்து என்றும், இரண்டு விமானக் கணக்கின்படி 40 ஆண்டுகளில் ஒரு மோதல் என்றும் பொருள்படும். போக்குவரத்து இரட்டிப்பானால் அது 20 ஆண்டுகளாகச் சுருங்கும் என்று எண்ணத் தோன்றும். அதுவும் முழு உண்மையன்று. விமானங்கள் இரட்டிப்பானால், ஒரு விமானம் மற்றொன்றைக் கடக்கும் தடவைகளும் இரட்டிப்பாகின்றன. பறப்பு மணித்தியாலங்களும் இரட்டிப்பு, மணித்தியாலத்திற்கான அபாயமும் இரட்டிப்பு. ஆகவே வேறெந்த முன்னேற்றமும் இல்லையெனில் மோதல்கள் நான்கு மடங்காகும். தன்னியக்க முறைகளின் மீது விமானத் துறை இத்துணை நம்பிக்கை வைப்பதற்கு இந்த எளிய பெருக்கலே காரணமெனலாம்.

இக்கணக்கில் ஒரு வேடிக்கையான, ஆனால் துயரமான முரண்பாடு ஒளிந்திருக்கின்றது. மேலே கூறிய 0.058 என்ற எண், விமானங்கள் தமது பாதையின் நடுக்கோட்டிலிருந்து சராசரியாக 0.3 கடல் மைல் அளவில் சிதறியிருப்பதாகக் கொண்டு பெறப்பட்டது. செய்மதி வழிகாட்டல் வந்த பின்னர் அந்தச் சிதறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. சிதறல் பாதியாகும் போது, எதிரே வரும் இரு விமானங்களும் பக்கவாட்டில் ஒரே கோட்டில் அமையும் நிகழ்தகவு இரண்டு மடங்காகின்றது. அதாவது வழிகாட்டல் எவ்வளவு துல்லியமாகின்றதோ, உயரத்தில் யாரேனும் தவறிழைத்துவிட்டால் மோதல் அவ்வளவு நிச்சயமாகின்றது. பழைய காலத்தில் துல்லியமின்மையே ஒரு காவலனாக இருந்தது.

பிரேஸிலில் 2006 செப்டெம்பர் 29 ஆம் திகதி நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அமேசன் காடுகளுக்கு மேலே 37 ஆயிரம் அடி உயரத்தில் ஒரு போயிங் 737 விமானமும் ஒரு சிறிய தனியார் ஜெற் விமானமும் ஒரே பாதையில் எதிரெதிரே பறந்தன. பிரமாண்டமான அந்த வானத்தில் சிறிய விமானத்தின் இறக்கை நுனி பெரிய விமானத்தின் இறக்கையை வெட்டிச் செல்லும் அளவுக்கு இரண்டும் கோட்டுக்குக் கோடு பொருந்தியிருந்தன. போயிங் விமானத்திலிருந்த 154 பேரும் மாண்டனர். சேதமடைந்த சிறிய விமானம் தரையிறங்கி அதிலிருந்த 7 பேரும் தப்பினர். சிறிய விமானத்தின் ட்ரான்ஸ்பொண்டர் கருவி இயங்காதிருந்தமையால் இரு விமானங்களின் எச்சரிக்கைக் கருவிகளும் ஊமையாகிவிட்டன. சமுத்திரங்களின் மேலே பறக்கும் விமானங்கள் பாதையின் வலப்புறமாக ஓரிரு கடல் மைல் வேண்டுமென்றே விலகிப் பறப்பதற்கு அனுமதிக்கப்படுவது இந்த முரண்பாட்டைச் சமாளிக்கும் பொருட்டே. துல்லியத்தைப் பெறுவதற்குப் பெரும் பணம் செலவிட்டுவிட்டு, பின்னர் அதனைச் சிறிது குலைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இத்துறையின் விசித்திரங்களில் ஒன்று.

ரைக்கின் மாதிரியுரு, பாதைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்ட சமுத்திர வான்பரப்புக்கு ஏற்றது. விமானங்கள் ஏறியும் இறங்கியும் குறுக்கிட்டும் செல்லும் நெரிசலான தரைமேல் வான்பரப்பில், எங்கே எப்போது இரு பாதைகள் சந்திக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பணியைக் கணனிகள் மேற்கொள்கின்றன. பறப்புத் திட்டம், ராடர் தரவு, காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு விமானமும் அடுத்த 20 நிமிடங்களில் எங்கிருக்கும் என மென்பொருள் வரைந்து பார்க்கின்றது. இங்கே அபாயம் என்பது ஒரு முன்னறிவிப்பு. காலநிலை முன்னறிவிப்பைப் போலவே இதுவும் தூரம் கூடக்கூட மங்கும். விமானத்தின் வேக மதிப்பீட்டில் காற்றின் காரணமாக 15 கடல் மைல் வீதப் பிழை இருப்பதாகக் கொண்டால், 20 நிமிடங்களின் முடிவில் விமானத்தின் நிலையில் 5 கடல் மைல் பிழை சேர்ந்துவிடுகின்றது. பேண வேண்டிய இடைவெளியும் அதே 5 கடல் மைல்தான். அவ்வாறாயின் 20 நிமிடத்திற்கு முன்னர் கணனி கூறும் எச்சரிக்கை எவ்வளவு பெறுமதியானது?

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் ஹெயின்ஸ் ஏர்ஸ்பேர்கரும் அவரது சகாக்களும் 1990களில் இக்கேள்விக்கு விடை தேடினர். மோதல் உண்டு அல்லது இல்லை என்று கூறாமல், இடைவெளி குலையும் நிகழ்தகவு இத்தனை வீதம் என்று கணனி கூற வேண்டும் என்பது அவர்களது அணுகுமுறை. நிகழ்தகவு குறைவாக இருக்கும் போதே விமானத்தைத் திருப்பினால் எரிபொருளும் நேரமும் வீணாகும். அத்திருப்பம் வேறொரு விமானத்துடன் புதிய முரண்பாட்டையும் உருவாக்கலாம். நிச்சயமாகும் வரை காத்திருந்தால் திருப்பத்தின் அளவு பெரிதாகும். கடைசியில் நேரமே இல்லாமற்போகும். எப்போது தலையிடுவது என்பதே தன்னியக்கத்தின் மையப் பிரச்சினை.

இதில் பொய்யான எச்சரிக்கை என்பது அற்ப விடயமன்று. ஓநாய் வருகின்றதெனக் கத்திய சிறுவனின் கதை எல்லோருக்கும் தெரியும். பத்தில் ஒன்பது தடவை காரணமின்றி ஒலிக்கும் மணியைக் கட்டுப்பாட்டாளர் செவிமடுக்க மாட்டார். ஆகவே மணி குறைவாக ஒலிக்கும்படி மென்பொருளின் எல்லைகளை இறுக்குவர். அவ்வாறு இறுக்கும் போது உண்மையான ஆபத்துகளில் ஒரு பங்கு வலையிலிருந்து நழுவுகின்றது. எத்தனை பொய் எச்சரிக்கைகளை ஏற்றுக்கொண்டு எத்தனை தவறவிடல்களைத் தவிர்ப்பது என்பது கணிதம் தீர்மானிக்கும் விடயமன்று. அது மனிதர்கள் எடுக்கும் முடிவு. அந்த முடிவு பொதுமக்களின் பார்வைக்கு வருவது அரிது என்பதுதான் குறை.

எல்லா ஏற்பாடுகளும் தவறிய பின்னர் இறுதிக் காவலாக நிற்பது விமானத்தினுள்ளே இருக்கும் ரிகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி. அருகிலுள்ள விமானங்களின் ட்ரான்ஸ்பொண்டர்களை வினவி, எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதை விட, நெருங்குவதற்கு எத்தனை செக்கன்கள் உள்ளன என்பதையே அது கணிக்கின்றது. உயரப் பறக்கையில் சுமார் 48 செக்கன்கள் இருக்கும் போது எச்சரிக்கும். 35 செக்கன்கள் இருக்கும் போது ஒரு விமானத்தை ஏறும்படியும் மற்றையதை இறங்கும்படியும் கட்டளையிடும். இரு கருவிகளும் தமக்குள் பேசி, ஒன்றுக்கொன்று எதிரான திசையைத் தெரிந்துகொள்கின்றன.

யூபர்லிங்கனில் நிகழ்ந்ததை இப்போது மீண்டும் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்த கட்டுப்பாட்டு நிலையத்தில் அவ்வேளை ஒரேயொரு கட்டுப்பாட்டாளரே பணியில் இருந்தார். மற்றவர் ஓய்வெடுக்கச் சென்றிருந்தார். அது அங்கு வழக்கமாகிப் போயிருந்தது. திருத்த வேலைகளுக்காகத் திரையில் தோன்றும் மோதல் எச்சரிக்கை செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. பிரதான தொலைபேசி இணைப்பும் அவ்வாறே. அருகிலிருந்த கார்ல்ஸ்ரூ நிலையத்தின் கட்டுப்பாட்டாளர்கள் ஆபத்தைக் கண்டு தொலைபேசியில் அழைக்க முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தைத் தரையிறக்குவதில் சூரிச் கட்டுப்பாட்டாளரின் கவனம் சென்றிருந்தது. மோதலுக்கு 43 செக்கன்கள் இருக்கையில் அவர் ரஷ்ய விமானத்தை இறங்கும்படி பணித்தார். ஏழு செக்கன்களின் பின்னர் ரிகாஸ் அதே விமானத்தை ஏறும்படியும், சரக்கு விமானத்தை இறங்கும்படியும் கட்டளையிட்டது. ரஷ்ய விமானிகள் மனிதரின் சொல்லைக் கேட்டனர். சரக்கு விமானத்தின் விமானிகள் கருவியின் சொல்லைக் கேட்டனர். இரண்டும் இறங்கின.

கருவி வேண்டியவாறு இயங்கியது. கட்டுப்பாட்டாளரின் பணிப்பும், தனியாக எடுத்துக்கொண்டால், பிழையானதன்று. இரண்டும் இருந்தமையே விபத்தானது. கருவியின் பயனை மதிப்பிடும் நிபுணர்கள் இதனாலேயே அபாயத்தை இரண்டாகப் பிரிக்கின்றனர். கருவி இருந்தும் தீர்க்கப்படாத அபாயம் ஒன்று. கருவி இருந்தமையாலேயே உருவாகும் அபாயம் மற்றொன்று. கணனியில் இலட்சக்கணக்கான கற்பனைச் சந்திப்புகளை உருவாக்கி, கிடையாக 500 அடிக்கும் நிலைக்குத்தாக 100 அடிக்கும் குறைவாக நெருங்கியவை எத்தனை என்று கருவியுடனும் கருவியின்றியும் எண்ணி ஒப்பிடுவர். கருவி பெருமளவு அபாயத்தைத் தவிர்க்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண், விமானிகள் கட்டளைக்கு உடனே பணிவர் என்ற எடுகோளில் தங்கியிருக்கின்றது. ஒருவர் பணிந்து மற்றவர் எதிராகச் செயற்பட்டால் கணக்கு தலைகீழாகின்றது.

இது முன்னறிய முடியாத ஒன்றாக இருந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். யூபர்லிங்கனுக்கு 17 மாதங்களுக்கு முன்னர், 2001 ஜனவரி 31 இல், ஜப்பானின் சுருகா குடாவுக்கு மேலே இதே நாடகம் அரங்கேறியது. ஒரே நிறுவனத்தின் இரு பெரிய விமானங்கள். இரண்டிலும் மொத்தம் 677 பேர். பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் பறப்பு இலக்கத்தை மாறிக் கூறினார். ஒரு விமானி கட்டுப்பாட்டாளரின் சொற்படியும் மற்றவர் கருவியின் சொற்படியும் இறங்கினர். கண்ணால் கண்டு கடைசிக் கணத்தில் வெட்டித் திருப்பியமையால் மயிரிழையில் தப்பினர். பலர் காயமடைந்தனர். எவரும் இறக்கவில்லை, ஆகவே உலகம் அவசரப்படவும் இல்லை. கருவியின் கட்டளைக்கு மாறாக விமானி ஒருபோதும் செயற்படக்கூடாது என்று சர்வதேச நடைமுறை ஐயத்திற்கிடமின்றித் திருத்தப்பட்டது 2003 நவம்பரில். எதிர் விமானம் பணியாவிடில் தனது கட்டளையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும் மேம்பட்ட மென்பொருள் ஐரோப்பிய வானில் கட்டாயமானது 2015 டிசெம்பரில். எயார்பஸ் நிறுவனம் 2009 முதல் ஏ380 விமானத்தில் கட்டளையைத் தன்னியக்க விமானியே நிறைவேற்றும் முறையைப் புகுத்தியது. மனிதன் தயங்கும் செக்கன்களைக் கணக்கிலிருந்து அகற்றும் வழி அது.

அப்படியானால் மனிதனை முற்றாக அகற்றிவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. இங்கேதான் பெருக்கல் கணக்கின் பலவீனம் வெளிப்படுகின்றது. கட்டுப்பாட்டாளர் தவறும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று, கணனி எச்சரிக்கை தவறும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று, ரிகாஸ் தவறும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று என்று பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒருங்கே தவறுவது நூறு கோடியில் ஒன்று என்று பெருக்கிக் கூறுவதற்கு, ஒன்றின் தவறு மற்றொன்றின் தவறுடன் தொடர்பற்றதாக இருக்க வேண்டும். சூரிச்சில் எச்சரிக்கைத் திரையையும் தொலைபேசியையும் நிறுத்தியது ஒரே திருத்த வேலை. பிரேஸிலில் ட்ரான்ஸ்பொண்டர் ஒன்று அணைந்ததும் தரையிலிருந்தவருக்கு விமானத்தின் சரியான உயரமும் இல்லை, வானிலிருந்தவருக்கு எச்சரிக்கையும் இல்லை. பல அடுக்குக் காவல் என்று எண்ணியவை ஒரே தூணில் கட்டப்பட்டிருந்தன.

2023 ஓகஸ்ட் 28 இல் பிரித்தானியாவில் நிகழ்ந்தது இன்னும் துலாம்பரமான உதாரணம். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் பறப்புத் திட்டத்தில், பிரான்ஸிலுள்ள ஒரு வழிப்புள்ளிக்கும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள ஒரு வழிப்புள்ளிக்கும் ஒரே குறியீடு இருந்தது. பறப்புத் திட்டங்களைப் படிக்கும் கணனி அதனைப் புரிந்துகொள்ள இயலாது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. உடனே மாற்றுக் கணனி பொறுப்பேற்றது. அதிலும் அதே மென்பொருள்; அது அதே திட்டத்தைப் படித்து அதே இடத்தில் நின்றது. 7 இலட்சத்திற்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டனர். எவருக்கும் உயிராபத்து ஏற்படவில்லை, ஏனெனில் பிழையான தரவை வழங்குவதை விட நின்றுவிடுவது மேல் என்றே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மனிதர்கள் கையால் வேலையைத் தொடர்ந்தனர். ஆயினும் இரண்டு இயந்திரங்கள் இருப்பதனால் அபாயம் பெருக்கல் முறையில் குறைகின்றது என்று கணக்கிட்ட எவரும் அன்றைய தினத்தை முன்னறிந்திருக்க முடியாது.

இவையெல்லாம் மாதிரியுருவின் குறைகள். கணக்குச் சரியாக இருந்தும், தரவு கையில் இருந்தும், எவரும் பார்க்காத நிலை அதனினும் மோசமானது. 2025 ஜனவரி 29 இரவு வொஷிங்டன் விமான நிலையத்தை அணுகிய பயணிகள் ஜெற் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். அங்கே ஹெலிகொப்டர்களுக்கென வகுக்கப்பட்டிருந்த பாதையில் உச்ச உயரம் 200 அடியாக இருந்தது. அந்தப் பாதை, ஓர் ஓடுபாதைக்கு இறங்கும் விமானங்களின் வழியைக் குறுக்கிடும் இடத்தில், விதிகளை அனைவரும் கடைப்பிடித்தால் கூட இடைவெளி 75 அடியாக மாத்திரமே இருக்கக்கூடும் என்பது விசாரணையில் தெரியவந்தது. ஜெற் விமானத்தின் ரிகாஸ் சுமார் 20 செக்கன்களுக்கு முன் எச்சரித்தது. ஆனால் தரைக்கு அண்மையில் ஏறு, இறங்கு என்ற கட்டளைகளை அது வழங்குவதில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பழைய பதிவுகளைப் புரட்டியது. 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரை அந்த விமான நிலையத்தில் இடம்பெற்ற 9,44,179 வர்த்தக விமான நடவடிக்கைகளில், ஹெலிகொப்டருடன் ஒரு கடல் மைலுக்கும் 400 அடிக்கும் குறைவாக நெருங்கியவை 15,214. கிடையாக 1500 அடிக்கும் நிலைக்குத்தாக 200 அடிக்கும் குறைவாக நெருங்கியவை 85. ரைக் 1966 இல் கற்பித்த பாடம், சிறு விலகல்களை எண்ணினால் பெரு விபத்தை எதிர்கூறலாம் என்பதே. எண்களும் கணனிகளில் இருந்தன. விபத்தின் பின்னரே அவை எண்ணப்பட்டன.

எமது பிராந்தியத்தில் இந்த எண்ணும் வேலை முறையாக நடைபெறுகின்றதா என்று வாசகர் கேட்கலாம். நடைபெறுகின்றது. தாய்லாந்தைத் தளமாகக் கொண்ட கண்காணிப்பு நிலையம் ஆசிய வான்பரப்பில் விமானங்களின் உயரப் பிழைகளைத் திரட்டி, மேலே கூறிய எல்லையுடன் ஒப்பிடுகின்றது. அவ்வாறு திரட்டப்படும் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படுவது கருவிப் பிழை அன்று. ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அடுத்த நிலையத்திடம் விமானத்தைக் கையளிக்கும் போது, அது எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு வரும் என்பதை அறிவிக்கத் தவறுவது அல்லது மாறி அறிவிப்பது. கொழும்பு விமானத் தகவல் பிராந்தியம் தெற்கே வெகுதூரம் சமுத்திரத்தின் மேல் விரிந்து கிடக்கின்றது. சென்னை, மாலே, ஜகார்த்தா, மெல்பேர்ண் ஆகிய நிலையங்களுடன் அது எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றது. தொலைபேசியில் வாய்மொழியாகக் கையளிக்கப்படும் ஒவ்வோர் உயரமும் தவறாகக் கேட்கப்படக்கூடிய ஓர் எண். கணனியிலிருந்து கணனிக்கு அத்தகவலை நேரடியாக அனுப்பும் முறை இதற்கு விடை. ஆனால் எல்லையின் இருபுறமும் அது இயங்க வேண்டும்.

விமானம் எதிர்பாராத உயரத்தில் நுழைந்துவிட்டால், அதனைப் பெறும் கட்டுப்பாட்டாளர் கண்டுபிடிக்கும் வரை கழியும் நிமிடங்களே அபாயக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. ராடர் எட்டும் இடத்தில் அது ஓரிரு நிமிடம். நடுச் சமுத்திரத்தில், விமானி அடுத்த வழிப்புள்ளியை அடைந்து தனது உயரத்தை வானொலியில் அறிவிக்கும் வரை அது நீடிக்கும்.